நாலாம் வளைவில் நின்றவர்

எதிரே வருகிற வாகனங்களைப் பார்த்தபடிதான் அவர் நடப்பார். மொன்றியலின் வில்லரேயில் நாங்கள் இருந்த பேஸ்மென்டிலிருந்து மெட்ரோவுக்கு ஐந்து நிமிட நடை. அந்தப் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் ஒருவழித் தெருக்கள். ஒன்றில் வாகனங்கள் வடக்கே போகும், அடுத்ததில் தெற்கே போகும். காலையில் வாகனங்கள் எங்களுக்கு எதிரே வருகிற தெருவால் போவோம். பின்னேரம் அதே தெருவால் திரும்பி வர அவர் சம்மதிக்கமாட்டார். ஒரு தெரு தள்ளிப் போய், அங்கேயும் வாகனங்களை எதிரே பார்த்தபடிதான் வருவார். பனி கொட்டி, மூக்குக்குள் மயிர் விறைக்கிற நாளிலும் அந்தச் சுற்று உண்டு.

"வாற காருக்கு முதுகு குடுக்கக்கூடாது தம்பி."

"ஆரின்ரை சட்டம் அண்ணை இது?"

"நாலாம் வளைவின்ரை சட்டம்."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏழு நாடுகளில் படுத்து எழும்பிய பிறகு மொன்றியலுக்கு வந்து சேர்ந்தேன். பேஸ்மென்டில் மூன்று கட்டில்கள். ஒன்றில் நான். ஒன்றில் மன்னார்க்காரர் ஒருவர், உணவகமொன்றில் சமையல் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பாடுவார், வாய் கொஞ்சம் நீளம். மூன்றாவது கட்டிலில் இவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் கரையூர்ப் பக்கத்து ஆள். இங்கே வருவதற்கு முன்பு சுவீடனில் ஒன்பது வருடம் இருந்தவர். அங்கே, பைன் காட்டுக்கு நடுவே ஒரு ஏரியைச் சுற்றிப் போடப்பட்ட கார்ப் பந்தயப் பாதையில், நாலாம் வளைவில், சம்பளம் இல்லாமல் கொடி பிடித்தவர். இந்தக் கடைசி விஷயத்தை அவர் அறிமுகமான அன்றைக்கே சொன்னார். கலியாணமானவரா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதை நான் ஆறு மாதம் கழித்துத்தான் அறிந்தேன். இல்லை, இல்லை.

கொடி பிடிப்பவர்கள் ஒரு வளைவுக்கு இரண்டு பேர். ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்க வேண்டும். ஒருவர் வருகிற கார்களைப் பார்ப்பார். அவர் கையில் நீலக்கொடி. மற்றவர் போகிற கார்களைப் பார்ப்பார். முன்னால் யாராவது புரண்டு கிடந்தால் மஞ்சள் கொடியை அசைப்பார். மஞ்சள் கொடிக்காரரின் முதுகுக்குப் பின்னால்தான் கார்கள் பாய்ந்து வரும். ஒன்று தடம் மாறி அவர் பக்கம் வந்தால் அவருக்குத் தெரியாது. நீலக்கொடி கத்தினால் பாய வேண்டும். இவர் மஞ்சள்.

"அப்ப நீங்கள் முதுகு குடுத்திருக்கிறியள்," என்று மடக்கினேன்.

"அவ நிண்டபடியால் குடுத்தனான். இஞ்சை ஆர் நிக்கினம்?"

நீலக்கொடி பிடித்தவள் ஒரு சுவீடன்காரி. அந்தச் சிற்றூரின் தபால் கந்தோரில் வேலை. இவரைவிட மூத்தவள். அவளைப் பற்றிச் சொல்லும்போது பெயர் சொல்லமாட்டார். 'அவ' என்பார்.

"அண்ணை, அவ உங்களுக்கு ஆர்?" என்று மன்னார்க்காரர் ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார். கண்ணில் குறும்பு.

"எனக்கு முன்னாலை நிண்டவ," என்றார் இவர்.

நானும் இவரும் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு பாண் பேக்கரியில் வேலை செய்தோம். பெரி நிலையத்தில் மெட்ரோவின் மஞ்சள் பாதைக்கு மாறி, ஆற்றுக்கு அடியால் போக வேண்டும். மேடையில் ரயிலுக்காக நிற்கும்போது என்னைத் தோளில் பிடித்துத் திருப்பித் தனக்கு நேரே நிறுத்துவார். அவருக்குப் பின்னால் நடப்பதை நான் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் நடப்பதை அவர் சொல்வார். "ஒரு மனிசி, பிள்ளை வண்டிலோடை. இடப்பக்கம் விடும்." பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் பேக்கரியில் நான் தட்டுகளைக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மாவு பிசைகிற இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்து ஆள் கதைப்பதே கேட்காது. நிமிர்ந்தபோது தூரத்தில் இவர் மேசை துடைக்கிற மஞ்சள் துணியைத் தலைக்கு மேலே அசைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று யோசிக்கவில்லை. பக்கவாட்டில் பாய்ந்தேன். பாரம் தூக்கும் வண்டி பின்பக்கமாக வந்து நான் நின்ற இடத்தில் இருந்த தட்டு அடுக்கை நொறுக்கியது.

"கூப்பிட்டிருக்கலாமே அண்ணை."

"இரைச்சல் இடத்திலை வாயாலை பிரயோசனம் இல்லை."

அவ்வளவுதான். துணியை அலசப் போய்விட்டார்.

அந்தப் பாதையின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். நான் அந்த நாட்டை மிதித்ததில்லை. ஆனால் முதலில் அவர்கள் மாரிகாலத்தில் உறைந்த ஏரியின் மேலேதான் பந்தயம் ஓடினார்கள் என்பது தெரியும். மர ஆலை முதலாளி ஒருவரும் கராஜ்காரர் ஒருவரும் சேர்ந்து தொடங்கியது. ஒரு மாரியின் கடைசியில் பனிக்கட்டி வெடித்து, கராஜ்காரரின் கார் நீருக்குள் போனது. ஆள் நீந்திக் கரையேறினார். ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை, 'தரையிலே ஒரு பாதை போடுவோம்.' மர ஆலைக்காரர் காட்டைத் தந்தார். முதலில் கிரவல் பாதை. பிறகு தார். பிறகு வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் வந்த காலம். சனங்கள் காடு முழுக்கக் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டிச் சமைத்த காலம். பெற்றோல் விலை ஏறிப் பந்தயமே இல்லாமல் போன வருடங்களில் பாதை நடுவே பேர்ச் மரம் முளைத்தது. சனிக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் போய்ப் பிடுங்கினார்கள். மாரியில் பாதையை வழுக்கலாக்கி, புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கு வகுப்பு நடத்திக் கொஞ்ச வருமானம். பிறகு ஏரிக்கரையில் கோடை வீடுகள் வந்தன. வீடு வாங்கி வந்தவர்கள் சத்தம் என்று முறைப்பாடு செய்தார்கள். நாலாம் வளைவுக்குப் பக்கத்தில் சத்தம் அளக்கிற பெட்டி ஒன்றைக் கம்பத்தில் பூட்டினார்கள். வருடத்தில் இத்தனை நாள்தான் ஓடலாம் என்று கணக்கு வந்தது.

மன்னார்க்காரர் காதைப் பொத்துவார். "யாழ்ப்பாணத்தை ஆண்ட ராசா ஆர் எண்டு கேட்டா இந்த மனிசனுக்குத் தெரியாது. சுவீடன் காட்டுக்குள்ளை கார் தாழ்ந்த கதை மட்டும் ஆதியாகமம் மாதிரி ஒப்பிப்பார்."

"கார் தாழ்ந்தது காட்டுக்குள்ளை இல்லை. ஏரிக்குள்ளை," என்று இவர் திருத்துவார். எதைப் பிழையாகச் சொன்னாலும் பொறுப்பார். பாதையைப் பற்றி ஒரு சொல் பிசகினால் பொறுக்கமாட்டார்.

அவர் அந்தப் பாதையைக் கண்ட விதம் இப்படி. காட்டுக்குள் பழைய விடுதி ஒன்றில் அகதிகளை வைத்திருந்தார்கள். இவர் அங்கே வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை வானம் கிழிகிற மாதிரிச் சத்தம். விடுதியில் ஆறு தமிழர்கள். ஆறு பேரும் வெளியே ஓடித் தெருவோர வடிகால் கானுக்குள் குப்புற விழுந்தார்கள். செவிப்பறை வெடிக்காமல் இருக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். ஊரில் குண்டு போடப் பொம்மர் வந்தால் அப்படித்தான் பழக்கம்.

"பொம்மர் எண்டால் வந்து போட்டிட்டுப் போயிடும். இது போய்ப் போய் வருது. எண்ணிப் பாத்தன். ஒண்டரை நிமிசத்துக்கு ஒருக்கா. பக்கத்திலை ஆரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது. திரும்பினா, செம்மஞ்சள் உடுப்போடை ஒரு வெள்ளைக்காரி. அவவும் குப்புறப் படுத்திருக்கிறா."

வேலியோரமாக வந்துகொண்டிருந்தவள், ஆறு பேர் விழுந்து கிடப்பதைக் கண்டதும் தானும் விழுந்துவிட்டாள். ஏதோ ஆபத்து, இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாளாம்.

"படுத்தாப் பிறகுதான் என்ன எண்டு கேட்டவ," என்பார்.

அடுத்த கோடையில் அவரும் செம்மஞ்சள் உடுப்புப் போட்டார்.

மூன்றாவது தடவையும் சுவீடன் அவருடைய விண்ணப்பத்தை மறுத்துக் கடிதம் வந்தது. பொலிஸ் வந்து கூட்டிப்போகப் போகிற நாளும் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பே, ஒரு வியாழக்கிழமை, ஆட்களைக் களவாக நாடு கடத்துகிற ஏஜென்சிக்காரர்கள் அவரை ஏற்றிப் போனார்கள். சனிக்கிழமை பந்தயம் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொலிசுக்கு அவள் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். 'சனிக்கிழமை விடிய அவ வந்து பாத்திருப்பா. எனக்குப் பதில் ஆரை நிப்பாட்டினவையோ தெரியாது' என்பதுதான் ஒன்பது வருட வாழ்க்கையை இழந்தது பற்றி அவர் சொன்ன ஒரே கவலை.

கனடாவில் அவர் வேறு பெயரில் வந்திறங்கினார். பத்திரங்களை நிரப்பித் தந்த தமிழர் ஒருவர், கொழும்பிலிருந்து நேரே வந்ததாக எழுதிவிட்டார். ஒரு நாட்டில் மறுக்கப்பட்டவர் என்று தெரிந்தால் இங்கேயும் மறுப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்த ஒன்பது வருடமும் சாவகச்சேரியில் மீன் கடை வைத்திருந்ததாக எழுதப்பட்டது. அகதி விசாரணை முடியும்வரை சுவீடன் என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. அவருக்கோ வேறு சொல்லே வராது. இந்தக் காரணத்தால்தான் நான் இங்கே அவர் பெயரை எழுதவில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் வில்லரே நூலகத்துக்குப் போவோம். நான் சூட்டுக்காகப் போவேன். அவர் அங்கேயுள்ள கணினியில் அந்தப் பாதைக் கழகத்தின் பக்கத்தைத் திறந்து, விரல் வைத்து வாசிப்பார். விசாரணைக்கு நாலு மாதம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை, அவர் என் கையைப் பிடித்தார்.

திரையில் ஒரு படம். பைன் மரங்கள். வளைகிற தார்ப்பாதை. செம்மஞ்சள் உடுப்பில் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். அவள் உயரம். இவர் மெலிவு, தலை முழுக்க மயிர். கீழே எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார். கழகம் பாதையின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறது. பழைய ஆட்கள் நினைவுகளை எழுதி அனுப்பட்டும். வலப்பக்கம் நிற்கிறவர் எங்களோடு ஒன்பது கோடைகள் நின்றார். எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா? அதோடு அவருடைய சொந்தப் பெயர்.

"ஒன்பது இல்லை, எட்டு," என்றார். "வந்த வருசம் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்." பிறகு கீழே இறங்கி வாசித்தார். முகம் மாறியது. "அட, ஏரி உறையாத வருசம்தான் பாதை போட்டது எண்டு எழுதியிருக்கினம். பிழை. உறைஞ்சது. உறைஞ்சு வெடிச்சது. கராஜ்காரர் அவவின்ரை தகப்பன். அவர் எனக்குச் சொன்னவர். அவவுக்கு மறந்து போச்சோ, இல்லாட்டி அவவை ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

அன்று பின்னேரமே சுவீடிஷில் இரண்டு பக்கம் எழுதினார். மன்னார்க்காரர் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் பகிடி விடாமல் கதைத்ததை அன்றுதான் கண்டேன்.

"அண்ணை, அவங்கடை சரித்திரம் பிழையா இருந்தா இருந்திட்டுப் போகட்டும். உங்கடை சரித்திரம் சரியா இருக்கோணும். மீன் கடைக்காரனுக்கு என்ன சுவீடன் கடிதம்?"

"பேர் போடாமல் அனுப்பலாம்."

"முத்திரையிலை கனடா எண்டு இருக்குமே. அந்தப் படத்துக்குக் கீழை நாளைக்கு எழுதுவினம், ஆள் கனடாவிலை எண்டு. ஆராவது ஒருத்தன் பாத்தாப் போதும்."

இவர் கடிதத்தை உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, குளிர் ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தார். மாரி முழுவதும் அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் தபால்பெட்டி ஒன்றைக் கடந்துதான் மெட்ரோவுக்குப் போவோம். அவர் நடை அந்த இடத்தில் மெதுவாகும்.

விசாரணை நாளில் நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தார். அங்கேயே முடிவு சொல்லிவிட்டார்களாம். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் கட்டிப்பிடித்தேன். அவர் கை தொங்கியபடி நின்றார்.

"வேதாகமத்திலை கை வைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டன். வேறை ஒரு நாட்டிலையும் இருக்கேல்லை எண்டு."

"எல்லாரும் பண்ணுறதுதானே அண்ணை."

"ஓம். எல்லாரும்."

கடிதத்தை எடுத்தார். நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார். பிறகு கோப்பி குடிக்கப் போனோம். சீனி போடாமல் குடித்தார்.

அன்றைக்கு மெட்ரோவிலிருந்து வீட்டுக்குக் கிட்டிய தெருவால் வந்தார். கார்கள் அவருக்குப் பின்னாலிருந்து வந்து கடந்து போயின. நான் அதைக் கவனித்தது வீட்டு வாசலில்தான். அதன் பிறகு நூலகத்துக்கு வரவில்லை. நான் வேண்டுமென்றே பேச்சைத் தொடங்குவேன்.

"அண்ணை, அந்த ஏரிப் பக்கத்து நேர்ப்பாதை எவ்வளவு நீளம்?"

"எந்த ஏரி?" என்பார். கோபமில்லாமல்தான் கேட்பார்.

லொங்குய்க்குப் போகிற வழியில் ஆற்று நடுவே ஒரு தீவு. அங்கேயும் ஒரு பந்தயப் பாதை உண்டு. வருடத்தில் சில நாள்தான் கார்கள். மற்ற நாட்களில் சனங்கள் சைக்கிள் ஓடுவார்கள். முன்பெல்லாம் வேலை முடிந்து அங்கே இறங்கிச் சுற்றுவோம். 'நல்ல பாதைதான். காடு இல்லை. சத்தம் திரும்பி வராது' என்று குறை சொல்வார். அந்தக் கோடையில் நான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். ஒரு வளைவில், எங்களுக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளோடு சறுக்கி விழுந்தாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் தலையைக் குனிந்து வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். இரண்டு கைகளும் ஜாக்கெட் பைக்குள் இருந்தன. பைக்குள்ளே விரல்கள் அசைவது துணிக்கு மேலே தெரிந்தது. கை வெளியே வரவில்லை. நான்தான் சட்டையைக் கழற்றி அசைத்தேன். அவர்கள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு விலகிப் போனார்கள். அந்தப் பெண் எழுந்து எனக்கு மெர்சி சொன்னாள். இவர் மெட்ரோ நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் நான் மேற்கே போனேன். அல்பேர்ட்டாவில் இறைச்சி ஆலை, பிறகு லொறி, பிறகு வேறு. எங்கே போனாலும் தொலைபேசியில் அந்தச் சுவீடன் கழகத்தின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். எழுத்து விளங்காது. மொழிமாற்றிக் கருவியில் போட்டு வாசிப்பேன். மலிவு அறைகளில் படுத்தபடி, நான் காணாத பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கென்று தேடிப் பார்க்க ஓர் ஊர் இல்லாததால், அவருடையதை எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அவரோடு கதைக்க வேண்டும் என்று தோன்றும். அவருடைய தொலைபேசி இலக்கம் மாறியிருந்தது. ஆறேழு வருடம் கழித்து ஓர் அறிவித்தல் கண்டேன். கிராமசபை நிலத்தைத் திரும்ப எடுக்கிறது. ஒக்டோபர் கடைசியில் விடைபெறும் பந்தயம். அதோடு பாதை மூடப்படும்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, போன வருடம் செப்டெம்பரில், மொன்றியலுக்குத் திரும்பினேன். மன்னார்க்காரரைக் கோவிலில் பிடித்தேன். அவர் இவரை அழைத்துக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்கு வந்தார். இவருக்குத் தலை நரைத்துவிட்டது. கனேடியப் பிரஜை. பேக்கரியில் இப்போது மேற்பார்வையாளர். சோளப்பொத்திகளைத் தோல் விலக்கிப் பார்த்துத் தெரிவுசெய்துகொண்டிருந்தார். சுகம் விசாரித்தோம். மூன்று பேரும் சோளத்தைப் பார்த்தபடி நின்றோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. மன்னார்க்காரரைப் பார்த்து, இவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணையின்ரை அந்தப் பந்தயப் பாதையை மூடிப்போட்டினம், தெரியுமே? கடைசி நாள் பெரிய பந்தயமாம். முப்பது கார். காடு கொள்ளாத சனமாம்."

அறிவித்தலுக்கு மேலே எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பது கார் என் கைச்சரக்கு. இவர் சோளத்தைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். கடைக்காரி விலை சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை.

"பந்தயம் நடக்கேல்லை," என்றார்.

"என்ன அண்ணை?"

"பனி. அந்த வருசம் முந்தியே விழத் தொடங்கினது. கார் விட ஏலாது எண்டிட்டினம். சனம் நடந்துதான் ஒரு சுத்துப் போனது. பிள்ளையள், கிழடுகள், நாயள், எல்லாம்."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று மன்னார்க்காரர் கேட்டார்.

"சொல்ல ஆர் இருக்கினம்? வேலிக்கு வெளியிலை நிண்டு பாத்தனான்."

பின்னால் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து வழி கேட்டார். நாங்கள் நகரவில்லை. அவர் சுற்றிப் போனார்.

"உள்ளுக்குப் போகேல்லையே அண்ணை?"

"இருக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணினவன் எப்பிடி உள்ளுக்குப் போறது? வேலி மட்டும் போனன். தெரு எல்லாருக்கும் பொது."

"அவ வந்தவவோ?"

"தடி ஊண்டிக்கொண்டு வந்தவ. நாலாம் வளைவிலை நிண்டவ. நானும் அவவும் இவ்வளவு தூரம்." எதிர்ப்பக்கத்துப் பீச் பழக் கடையைக் காட்டினார். பத்து அடி இருக்கும். "பனி கொட்டுது. எனக்குத் தொப்பி, கழுத்துச் சால்வை. அவவுக்குத் தெரியேல்லை."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே."

"குடுத்தா ஆர் எண்டு கேப்பா. பாஸ்போட்டிலை இருக்கிற பேரைச் சொன்னா அவவுக்குத் தெரியாது. அவவுக்குத் தெரிஞ்ச பேரைச் சொல்ல எனக்கு உரித்தில்லை."

கடைக்காரி சோளத்தைப் பைக்குள் போட்டு நீட்டினாள். நான் வாங்கினேன். மன்னார்க்காரர் இப்போது ஏதாவது பகிடி விடுவார், இவர் மறுபடி வாயை மூடிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. மன்னார்க்காரர் தன் பைகளை நிலத்தில் வைத்தார். கூட்டத்தில் இவரை யாரும் இடிக்காமல் கொஞ்சம் ஓரமாக இழுத்து நிறுத்தினார்.

"பேந்து?" என்று கேட்டார். "பேந்து என்ன நடந்தது அண்ணை?"

"பேந்து அவ நடந்தவ," என்றார் இவர். "முழுச் சுத்தும். ஏரிப் பக்கத்தாலை கொஞ்சம் ஏத்தம், அதிலை ஒருக்கா நிண்டு மூச்சு விட்டவ. நான் வேலிக்கு இஞ்சாலை, தெருவாலை நடந்தன்…"